ஏட்டுச் சுரைக்காயும் டேப் பேக்கப்பும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கணினி உலகிலும் அப்படி ஒரு சுரைக்காய் உண்டு. ஒருமுறை கூட ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்தான் அது!

பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பொறியியல் மாணவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் நிறுவி, அதையே வீட்டு சர்வராக வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் எடுத்த கல்யாணப் படங்கள், நான்கு வருட ப்ராஜெக்ட் கோப்புகள், நண்பர்களுக்காக நடத்தும் ஒரு சின்ன இணையதளத்தின் டேட்டாபேஸ் எல்லாம் அதில்தான். ஆசாமி பொறுப்பானவர். செகண்ட் ஹேண்டில் ஒரு டேப் டிரைவ் வாங்கி மாட்டுகிறார். தினமும் இரவு இரண்டு மணிக்கு கிரான் மூலம் டார் கட்டளை தானாக ஓடும். முதலில் படங்கள், அடுத்து ப்ராஜெக்ட், கடைசியாக டேட்டாபேஸ். டிரைவில் பச்சை விளக்கு மினுக்குகிறது. மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஒரு வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் போய்விடுகிறது. பதட்டமே இல்லாமல் டேப்பை எடுத்துப் போடுகிறார். டேட்டாபேஸ் மட்டும் வருகிறது. படங்கள் இல்லை. ப்ராஜெக்ட் இல்லை. டேப் பழுதில்லை, டிரைவும் பழுதில்லை. பின் என்னதான் ஆயிற்று?

ஒரு எழுத்து செய்த வேலை

லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று எஸ்டி0, இன்னொன்று என்எஸ்டி0. முதல் பெயரில் எழுதினால், எழுதி முடித்த உடனே டேப் தானாகச் சுருண்டு ஆரம்பத்துக்கே போய்விடும். இரண்டாவதில் எழுதினால், முடித்த இடத்திலேயே நிற்கும். ஸ்கிரிப்ட் எழுதியவர் முதல் பெயரைப் போட்டுவிட்டார். படங்கள் எழுதப்பட்டன, டேப் சுருண்டது. அதன் மேலேயே ப்ராஜெக்ட் எழுதப்பட்டது, மறுபடி சுருண்டது. அதன் மேலேயே டேட்டாபேஸ். தினமும் இரவு இதே கூத்து. மூன்று கட்டளைகளும் 'வெற்றி' என்றுதான் சொல்லும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கடைசியாக எழுதியதற்குப் பின்னால் 'இத்துடன் டேட்டா முடிந்தது' என்ற குறி விழுந்துவிடுவதால், அதற்கு அப்பால் பழைய படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வீட்டு டிரைவ் அதைப் படிக்காது.

'என்' என்ற ஒரே எழுத்துதான் வித்தியாசம். முதல் வாரத்திலேயே ஒரு நாள் உட்கார்ந்து ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியை யாரும் செய்வதில்லை, ஏனென்றால் அதைச் செய்யாதவரை எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரிகிறது.

பெரிய இடத்துக் கதைகள்

மாணவர்தானே, அனுபவம் போதாது என்று சிலர் சொல்லலாம். பெரிய இடங்களில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

உலகம் முழுவதும் நிரலாளர்கள் பயன்படுத்தும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று, களைத்துப் போயிருந்த ஒரு பொறியாளர் வேறொரு சர்வர் என்று நினைத்து முக்கிய டேட்டாபேஸ் சர்வரிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது. பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பு. அதனால் அது ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. அந்தப் பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கிறது. ஐந்து வகை ஏற்பாடுகள் வைத்திருந்தும் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா திரும்பவே இல்லை.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. அழித்தது திருடனோ வைரஸோ அல்ல, பேக்கப் ஏற்பாட்டில் இருந்த ஸ்கிரிப்டேதான்! பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய அந்த ஸ்கிரிப்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மாற்றிவிட்டார்கள். ஷெல் ஒரு ஸ்கிரிப்டை முழுவதுமாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை, ஓட ஓடத்தான் படிக்கும். பாதியில் ஆள் மாறியதால் ஒரு மாறியின் மதிப்பு காலியாகி, அழிக்கக் கூடாத இடத்தை அழித்தது. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை.

மூன்றாவது கதை கொஞ்சம் ஆறுதலானது. 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினர் (ஏறத்தாழ 0.02 சதவீதம் என்று கூகுள் சொன்னது) அஞ்சல் பெட்டியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. சேமிப்பு மென்பொருளில் புகுந்த ஒரு பிழை, பல இடங்களில் இருந்த நகல்களையும் சேர்த்தே பாதித்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தை அன்று காப்பாற்றியது டேப்! இணைப்பில் இல்லாமல் தனியே கிடந்ததால் அதை மட்டும் பிழை தொடவில்லை. டேப்பிலிருந்து எடுக்க நேரம் பிடித்தது, ஆனால் அஞ்சல்கள் திரும்பி வந்தன.

மூன்று கதையிலும் பேக்கப் என்ற பெயரில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைத் திரும்ப எடுக்க முடிந்ததா என்பதில்தான் முடிவு மாறியது.

டேப் இன்னுமா?

டேப் என்றதும் பாட்டு கேசட் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது சாகவில்லை. 2000இல் வந்த முதல் தலைமுறை எல்டிஓ கேட்ரிட்ஜ் 100 ஜிபி பிடித்தது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் பிடிக்கிறது. எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் மின்சாரம் வேண்டாம். நெட்வொர்க் வழியாக வரும் ரான்சம்வேர் அதைத் தொட முடியாது. எழுதுவதைத் தடுக்கும் சின்னத் தாழ்ப்பாள் ஒன்றும் கேட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. புது டிரைவின் விலை லட்சங்களில். மாணவர் கைக்கு வருவது அநேகமாகப் பழைய தலைமுறை டிரைவ்தான். சென்னைப் புறநகரின் ஈரக்காற்றும் வெயிலும் டேப்புக்கு ஆகாது. குளிர்ந்த, உலர்ந்த இடம் வேண்டும். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த டேப்பை உடனே டிரைவில் திணிக்காமல் ஒரு நாள் அறையில் வைத்திருந்து போடுவது நல்லது.

ரீஸ்டோர் தடுமாறும் இடங்கள்

வீட்டு சர்வரில் டேப் திரும்பி வராமல் அடம்பிடித்தால், பெரும்பாலும் கோளாறு கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட வேண்டும். பதட்டத்தில் தட்டும் ஒரு தவறான கட்டளை, இருக்கும் ஒரே பிரதியையும் அழித்துவிடும்.

1. டிரைவே தெரியவில்லை. மென்பொருளைத் திட்டுவதற்கு முன் கர்னல் எழுதி வைத்த செய்திகளைப் படிக்க வேண்டும். பழைய ஸ்கஸி டிரைவ் என்றால் கேபிளும் கடைசியில் மாட்டும் டெர்மினேட்டரும் முதல் சந்தேகம். எம்டி கட்டளையில் ஸ்டேட்டஸ் கேட்டு பதில் வந்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. 'அனுமதி இல்லை' என்று வந்தால் அந்தப் பயனர் டேப் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

2. 'கேனாட் அலொகேட் மெமரி' என்ற பிழை. ரேம் போதவில்லை என்று நினைத்துப் புது ரேம் வாங்கப் போகிறவர்கள் உண்டு! இது ரேம் விஷயமே அல்ல. டேப்பில் எழுதிய பிளாக் பெரியது, படிக்கும்போது கொடுத்த பிளாக் அளவு சிறியது என்பதுதான் இதன் பொருள். டார் வழக்கமாக 10,240 பைட் பிளாக்காக எழுதும். வேகத்துக்காக ஒருவர் 256 கேபி பிளாக்காக எழுதியிருந்தால், படிக்கும்போதும் அதே அளவைச் சொல்ல வேண்டும். அளவு மறந்துவிட்டால் டிடி கட்டளையில் பெரிய அளவைக் கொடுத்து ஒரே ஒரு பிளாக் மட்டும் படித்து, வந்த கோப்பு எத்தனை பைட் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

3. அட்டவணை தொலைந்தது. பாக்குலா போன்ற மென்பொருள்கள் எந்தக் கோப்பு எந்த டேப்பில் எங்கே இருக்கிறது என்பதை ஒரு டேட்டாபேஸில் குறித்து வைக்கும். அந்த டேட்டாபேஸ் எங்கே இருக்கும்? அதே சர்வரில்! டிஸ்க் போனால் அதுவும் போச்சு. டேப்பை முழுக்கப் படித்து அட்டவணையைத் திரும்பக் கட்ட பிஸ்கேன் என்ற நிரல் உண்டு, ஆனால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அட்டவணையையும் அமைப்புக் கோப்புகளையும் வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பேக்கப்புக்கும் இதே கதைதான். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி, சாவிக் கோப்பை அதே சர்வரில் வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

4. தலைமுறை பொருந்தவில்லை. எல்டிஓ டிரைவ்கள் ஏழாம் தலைமுறை வரை இரண்டு தலைமுறை முந்தைய டேப்பைக் கூடப் படித்தன. எட்டும் ஒன்பதும் ஒரு தலைமுறை முந்தையதை மட்டுமே படிக்கும். டேப் முப்பது வருடம் தாங்கும் என்று நம்பி வைத்தால் போதாது, அதைப் படிக்கும் டிரைவும் தாங்க வேண்டும்.

5. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் ஓடும்போதே அதன் கோப்புகளை அப்படியே டேப்பில் எழுதினால், திரும்பி வருவது பாதி பழையதும் பாதி புதியதுமான குழப்பம். முதலில் டம்ப் எடுத்து, அந்தக் கோப்பைத்தான் டேப்பில் எழுத வேண்டும்.

6. மொத்தத்தையும் ஒரே ஜிஸிப் ஆக்குவது. இடம் மிச்சம்தான். ஆனால் நடுவில் ஒரு இடம் கெட்டால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சிக்கலாகிவிடும். டிரைவே அழுத்தும் வசதி கொண்டது என்பதால், இந்தச் சிக்கனத்தால் பெரிய லாபமும் இல்லை.

7. நின்று நின்று ஓடுவது. பழைய கம்ப்யூட்டரால் வேகமாக டேட்டா கொடுக்க முடியாதபோது டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும். சத்தத்திலேயே தெரியும். நேரமும் வீண், டேப்பும் தேயும். முதலில் டிஸ்க்கில் சேர்த்துவைத்துப் பிறகு ஒரே மூச்சில் எழுதச் செய்வதே வழி.

எல்லாம் சரியாகி டேப் ஓட ஆரம்பித்ததும், ரீஸ்டோரைப் பழைய கோப்புகளின் மேலேயே கொட்டக் கூடாது. வேறொரு காலி டைரக்டரியில் எடுத்து, ஷா256 கூட்டெண்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

2015இன் தண்ணீர்

இதெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியங்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி ஒரு வெள்ளத்தில் சர்வரும், அதன் பக்கத்து அலமாரியில் அடுக்கிய டேப்புகளும் சேர்ந்தேதான் மூழ்கும். ஒரே அறையில் இருக்கும் பத்து பிரதிகளும் கணக்கில் ஒரு பிரதிதான். நனைந்த டேப்பை அவசரமாக டிரைவில் போட்டால் டிரைவும் கெடும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பியது. காட்டாங்குளத்தூர் மாணவருக்கு இது மிகச் சுலபம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் பையில் ஒரு கேட்ரிட்ஜோ ஒரு ஹார்ட் டிஸ்க்கோ போகட்டும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ உள்ள வீட்டு பீரோவை விட நல்ல வெளியிடம் எது?

தமிழர்களுக்கு இது புதுப் பாடமும் அல்ல. பனையோலை நிரந்தரமல்ல என்பதால் தலைமுறைக்குத் தலைமுறை பிரதி எடுத்துத்தான் சங்க நூல்கள் வந்து சேர்ந்தன. ஆனால் பரணில் பூட்டி, திறந்து படிக்காமல் வைத்த ஏடுகள் என்ன ஆயின? செல்லரித்தன. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனவை பற்றி உ.வே.சாமிநாதையர் வேதனையோடு எழுதியிருக்கிறார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது அவர் ஒரு பிரதியை மட்டும் நம்பவில்லை. பல ஊர்ப் பிரதிகளைத் தேடிப்பிடித்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, பாடபேதம் குறித்தார். இன்று கூட்டெண் ஒப்பிடுவது என்பது அந்தப் பழைய வேலைதான். மறுபக்கம், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு முடிந்தன.

இன்னொரு தமிழ்ச் சிக்கலும் உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்க் கோப்புகள் மயிலை, தாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் எழுதப்பட்டன. அந்தக் காலத்து டேப் ஒரு பைட் கூடப் பிசகாமல் திரும்பி வந்தாலும் திரையில் தெரிவது கோழி கிறுக்கல்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. அதனால்தான் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. பைட் வந்தால் மட்டும் போதாது, எழுத்து வர வேண்டும்.

கிளவுட் இருக்கிறதே?

இருக்கிறது, பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. கைபேசியில் தவறி அழித்த படம் சில நொடிகளில் கிளவுடிலும் அழியும். கணக்கு முடங்கினால் கதவும் மூடும். கிளவுடிலிருந்து மொத்தத்தையும் திரும்ப இறக்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? கேள்வி அங்கேயும் அதேதான்.

டேப்புக்குக் காசில்லை என்பது நியாயமான வாதம். டேப் கட்டாயமில்லை. இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் போதும். எதில் எழுதினாலும் திரும்ப எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

தேர்வில் வர வேண்டிய கேள்வி

கல்லூரி லேபில் பேக்கப் எடுக்கும் கட்டளையை எழுதச் சொன்னால் மனப்பாடம் செய்தவர் எல்லோரும் எழுதிவிடுவார்கள். மாறாக, ஒரு காலி கம்ப்யூட்டரையும் யாரோ எழுதிய ஒரு பேக்கப்பையும் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் இதிலுள்ள இணையதளத்தை ஓட வை என்று சொல்ல வேண்டும். பிளாக் அளவு தெரியாது, அட்டவணை கிடையாது, சாவி எங்கே என்று தேட வேண்டும். வேலைக்குப் போன முதல் வருடத்தில் இரவு மூன்று மணிக்கு வரும் பரீட்சை இப்படித்தான் இருக்கும். அங்கே அரியர் வைக்க முடியாது.

வீட்டு சர்வர் வைத்திருப்பவர் செமஸ்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ரீஸ்டோருக்கென்று ஒதுக்கலாம். ஏதாவது பத்து கோப்புகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில், கேட்ரிட்ஜ் மேல் ஒட்டிய குறிப்பை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். குறிப்பில் தேதி, எழுதிய கட்டளை, பிளாக் அளவு மூன்றும் இருந்தால் போதும். பக்கத்து அறை நண்பரை எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அவராலும் முடிந்தால் குறிப்பு சரி என்று அர்த்தம்.

அம்மாவின் கல்யாணப் படம் இருக்கும் டேப் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்தப் படத்தைக் கடைசியாக அந்த டேப்பிலிருந்து எடுத்துப் பார்த்தது எப்போது?